குடிக்கிற மருந்து

என் வீட்டு வாசற்படிக்குப் பக்கத்தில் ஓர் எனாமல் பேசின் கிடக்கிறது. வெள்ளை நிறம், விளிம்பில் நீலக் கோடு, அடியில் துருப்பிடித்து விழுந்த ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வடிந்துவிடுவதால் வல்லாரை அதில் அழுகாமல் தழைத்து, விளிம்பைத் தாண்டித் தரையிலும் இறங்கியிருக்கிறது. "டீச்சர், அந்தப் பழைய பேசினத் தூக்கி வீசிட்டு நல்ல சாடி ஒண்ணு வாங்கி வைங்களேன், வீட்டு அழகே கெடுது" என்று பக்கத்து வீட்டு அம்மா அடிக்கடி சொல்வார். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். போன மழைக்காலத்தில் சின்னம்மா செத்தபோது அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவிலிருந்து நான் எடுத்துவந்தது இது ஒன்றுதான். மண்ணும் செடியுமாக மடியில் வைத்துக்கொண்டு பொகவந்தலாவையில் பஸ் ஏறினேன். "என்னாங்க டீச்சர், தோட்டத்தையே பேத்துக்கிட்டுப் போறீங்களா?" என்று கண்டக்டர் கேலி செய்தார். நான் பேசினை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சின்னம்மா என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான ஒரே லயத்தில், எங்கள் காம்பராவும் அவளுடையதும் அடுத்தடுத்து இருந்தன. நடுச்சுவர் கூரை வரைக்கும் எட்டாது. இந்தப் பக்கம் யாராவது தும்மினால் அந்தப் பக்கம் கொத்தமல்லி வறுபடும் வாசம் வரும். இஞ்சியும் மிளகும் தட்டிப்போட்டு, ஒரு செம்புத் தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்டும்வரை காய்ச்சி, சுடச்சுடக் கொண்டுவந்து நீட்டுவாள். மூக்கடைத்தால் டர்பன்டைன் என்று நாங்கள் சொல்கிற தைல மரத்து இலையை வெந்நீரில் போட்டு, கொழுந்து பறிக்கப் போகும்போது போர்த்துகிற அதே கம்பளியால் எங்களை மூடி ஆவி பிடிக்க வைப்பாள். உள்ளே ஈரத்தேயிலை நாற்றமும் தைல வாசமும் சேர்ந்து மூச்சுமுட்டும். வாய்ப்புண்ணுக்கும் உடம்புச் சூட்டுக்கும் வல்லாரைக் கஞ்சி. இலையைத் தண்டோடு அம்மியில் அரைத்துச் சாறு பிழிந்து, குழைய வெந்த சோற்றுக் கஞ்சியில் கடைசியாக ஊற்றி, ஒரு கொதி வருவதற்குள் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் அடுப்பில் இருந்தால் நிறம் செத்துப்போகும் என்பாள். நாங்கள் முகத்தைச் சுளித்தால், "மாமியா கசக்கலாம், மருந்து கசக்கக்கூடாதாக்கும்? வாயத் தொற!" என்று அதட்டுவாள். அவளுக்கு வைத்தியம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. லயத்தில் எல்லா வீட்டிலும் செய்கிறதைத்தான் அவளும் செய்தாள், கொஞ்சம் கூடுதல் சத்தத்தோடு.

எங்கள் தோட்டத்தில் மருந்து என்றால் இரண்டு. ஒன்று இது. மற்றது, முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு ஆண்கள் தேயிலை நிரைகளுக்கு நடுவே பீய்ச்சுகிற களைகொல்லி. யாரும் அதைக் களைகொல்லி என்று சொல்வதில்லை. 'மருந்து அடிக்கிறாங்க' என்றுதான் சொல்வார்கள். இன்றைக்கு எந்த மலையில் மருந்து என்று காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆட்கள் கூடும்போது கங்காணி சொல்லிவிடுவார். தேயிலை நிற்கிற ஒவ்வொரு துண்டு நிலமும் எங்களுக்கு ஒரு மலைதான். பெரட்டுக்குப் போனவர்களுக்கு விஷயம் தெரியும், போகாதவர்கள் போனவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மலைக்கு ஏறும் இடத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் யாருடைய சொத்து குறைந்துபோகும்? அன்றைக்கும் கட்டவில்லை, அதற்குப் பிறகும் கட்டவில்லை. இந்த வயதிலும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்யாணமாகிப் பல வருஷம் சின்னம்மாவுக்குப் பிள்ளையில்லை. மாரியம்மன் கோயிலில் தொட்டில் கட்டினாள், செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தாள், ஊர்ப்பெண்கள் வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டாள். கடைசியில் வயிற்றில் தங்கியது. மசக்கை தாளாமல் அவள் வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்த நாட்களில் வாயெல்லாம் புண்ணாகிச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னையும் இழுத்துக்கொண்டு வல்லாரை பறிக்கக் கிளம்பினாள். ரோட்டில் நின்றால் மேலே மலையில் அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. மலைக்காற்று ஊளையிட்டது. சின்னம்மா கையை வாயருகே குவித்து, "அக்கா! மருந்துக்குத் தழை வேணும், எங்கிட்டுப் போக?" என்று கத்தினாள். அம்மா கையை நீட்டிக் காட்டி ஏதோ சொன்னாள். காற்று பாதியைத் தின்றுவிட்டு மீதியைத்தான் எங்களிடம் கொண்டுவந்தது: "பாலத்துக்கு அங்கிட்டு மருந்துடீ...!" சின்னம்மா சந்தோஷமாகக் கையசைத்தாள். பாலத்தைத் தாண்டி, தண்ணீர் ஓடும் கான் ஓரமாக வல்லாரை கொழுகொழுவென்று நின்றது. மருந்து அடித்த சூட்டோடு இலை கருகாது, வாடவே சில நாளாகும். லயத்துப் பீலிக் குழாய்த் தண்ணீரில் அலசினாள், அரைத்தாள், காய்ச்சினாள். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினாள். நான் வழக்கம்போல மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு ஓடிவிட்டேன். "போடி, எம்புள்ளைக்குத்தான் குடுப்பினை" என்று அதையும் அவளே குடித்தாள்.

அம்மா வேலை முடிந்து வந்து கூடையை இறக்கியவள், அம்மிக்கல் பக்கத்தில் கிடந்த தண்டுகளைப் பார்த்தாள். "எங்கடி புடுங்குன?" என்று கேட்டாள். "நீதானக்கா சொன்ன, பாலத்துக்கு அங்கிட்டு மருந்து இருக்குன்னு." அம்மா, "ஆத்தாடி, அங்கிட்டு மருந்து அடிச்சிருக்கு, போகாதடீன்னுல்ல சொன்னேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சின்னம்மா இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வாந்தி தொடங்கியது.

கொழுந்து லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்ன குடித்தாள் என்று நர்ஸ் சிங்களத்தில் கேட்டார். அம்மாவுக்குத் தெரிந்த சிங்களம் கடைத்தெருவோடு சரி. "பேத் மிஸி, பேத்" என்று அழுதாள். மருந்துக்கு அவர்கள் பாஷையில் அதுதான் சொல். அந்தப் பாஷையிலும் காய்ச்சலுக்குக் குடிப்பதும் பேத், களைக்கு அடிப்பதும் பேத். நர்ஸின் முகம் மாறியது. தோட்டத்திலிருந்து மருந்து குடித்துவிட்டு வருகிற பெண்களை அவர் நிறையப் பார்த்திருப்பார் போல. வீட்டில் சண்டையா, புருஷன் அடித்தாரா என்று விசாரணை வந்தது. சின்னம்மா பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை. இது அந்த இலையால்தான் ஆனது என்று உறுதியாகச் சொல்லமுடியாது, சிலருக்குத் தானாகவும் கலைவதுண்டு என்றார் டாக்டர். அந்த 'சொல்லமுடியாது' இரண்டு சகோதரிகளையும் ஆயுள் முழுக்க அரித்தது.

அவள் லயத்துக்குத் திரும்பி வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது: 'வயித்துல புள்ளயோட மருந்து குடிச்சிட்டா.' நம் ஊரில் மருந்து குடித்தாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தவமிருந்து பெற்றதை எதற்காக அழித்துக்கொண்டாள் என்று ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள். சித்தப்பா நல்ல மனுஷர்தான். ஆனாலும் ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "நெசத்தச் சொல்லு புள்ள, என் மேல என்ன கோவம்?" என்று அவர் கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அம்மாவால் பொறுக்க முடியவில்லை. எழுந்து போய், "நான் சொன்ன சொல்லுதான் எல்லாத்துக்கும் காரணம், பெரட்டுல நின்னு எல்லாருக்கும் சொல்லிப்புடுறேன்" என்றாள். சின்னம்மா அவள் வாயைப் பொத்தினாள். "சொன்னா, தங்கச்சி புள்ளயக் கொன்னவன்னு ஒன்னயச் சொல்லுவாளுக. அதக் கேட்டு வளர ஒனக்குப் புள்ளைங்க இருக்கு. என்னய என்ன சொன்னாலும், காதுல வாங்கி அழ எனக்கு யாரு இருக்கா?" அம்மா திரும்பி வந்து எங்களை அணைத்துக்கொண்டு படுத்தாள். சொல்லாமலே இருந்துவிட்டாள். எங்களுக்காக இருந்தாள். அந்த நிழலில் வளர்ந்தவள் நான் என்பதால் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அதன்பிறகு சின்னம்மா மலையில் ஒரு தழையைக்கூடக் கிள்ளவில்லை. ஓட்டையான பேசினில் மண்ணை நிரப்பி வாசலில் வல்லாரை நட்டாள். லயத்துக்கே அதிலிருந்துதான் கஞ்சி. அவளைப் பற்றிப் புறம் பேசியவர்களும் பிள்ளைக்குச் சூடு என்றால் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள், கூச்சமே இல்லாமல். யாராவது "சின்னக்கா, கொஞ்சம் மருந்து தாங்களேன்" என்று கேட்டால், "குடிக்கிற மருந்தா, அடிக்கிற மருந்தா? தெளிவாக் கேளு" என்பாள். அவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள். ஊருக்கெல்லாம் காய்ச்சினாளே தவிர, அந்தக் கஞ்சியில் ஒரு வாய் அவள் குடித்து நான் பார்த்ததில்லை.

அம்மா படுக்கையில் விழுந்த கடைசி நாட்களில் வல்லாரைக் கஞ்சி மட்டும்தான் இறங்கியது. சின்னம்மாதான் ஊட்டினாள். ஒரு மாலை பார்க்க வந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா டம்ளரைக் கையால் ஒதுக்கிவிட்டு, மூச்சைத் திரட்டி, "எல்லாரும் கேளுங்கடி... என் தங்கச்சி மருந்து குடிக்கல... நாஞ்சொன்ன சொல்லு..." என்றாள். குரல் தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது. அவர்கள் காதில் விழுந்தது தங்கச்சியும் மருந்தும் மட்டும்தான். "பாருங்களேன், உசுரு போற நேரத்துலயும் தங்கச்சி மருந்து குடிச்சதத்தான் நெனச்சு மருகுது" என்று ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் பதறிப்போய்ப் பேச எழுந்தேன். சின்னம்மா என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். அம்மாவின் காதருகே குனிந்து, "விடுக்கா. எனக்குக் கேட்டுருச்சு" என்றாள். பிறகு அம்மா மிச்சம் வைத்த கஞ்சியை அண்ணாந்து, நிறுத்தாமல், ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். அம்மா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் போய்விட்டாள்.

சின்னம்மாவின் சாவு வீட்டில், அடுத்த லயத்துக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி, செத்தது யார் என்று மெதுவாக விசாரித்தாள். "அதாம்மா, அந்தக் காலத்துல மருந்து குடிச்சாங்களே, அவங்க" என்றது ஒரு குரல். இந்த முறை என் மணிக்கட்டைப் பிடிக்க ஆளில்லை. எழுந்து நின்று, காற்று அடித்த அந்தப் பகலிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டார்கள். உச்சுக் கொட்டினார்கள். ஒரு கிழவி என் தலையைத் தடவி, "சின்னம்மா மேல டீச்சருக்கு எம்புட்டுப் பாசம், விட்டுக்குடுக்க மாட்டேங்குதே" என்றாள்.

இன்று காலை என் மகளுக்கு வாய்ப்புண். பேசினிலிருந்து ஒரு கைப்பிடி கிள்ளி அலசிக்கொண்டிருந்தேன். "டீச்சர், என்னா, மருந்தா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். "குடிக்கிற மருந்துங்க" என்றேன். அதிலென்ன சந்தேகம் என்பதுபோல் அவர் சிரித்துவிட்டு உள்ளே போனார். கஞ்சியை இறக்கியதும், மகளுக்குக் கொடுக்கும் முன் முதல் டம்ளரை நான் குடித்தேன்.