பல்லிக்கு வைத்த தைலம்

எனக்கு எதையும் அளவோடு செய்யத் தெரியாது. மொட்டை மாடியில் ஒரு துளசி வைத்தால் போதும் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது அங்கே கற்பூரவல்லி, திருநீற்றுப்பச்சிலை, மருக்கொழுந்து, வெட்டிவேர், எலுமிச்சைப்புல் என்று துணி காயப்போட இடமில்லை. இருமினால் கற்பூரவல்லிக் கஷாயம், தலை வலித்தால் நீலகிரித் தைலம். ஷேர் ஆட்டோ ஓட்டும் என் கணவர், தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வருவார். வீட்டுக்குள் தும்மினால் கஷாயம் குடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர்கள் உண்டு, விற்கிறவர்கள் உண்டு. நான் மடிக்கிறவள். கல்யாணப் பெண்ணின் புடவைக்கு முன்னாலேயே கொசுவம் எடுத்து, இஸ்திரி போட்டு, கிளிப் குத்திப் பெட்டியில் வைத்துக் கொடுப்பேன். பெண் அப்படியே எடுத்துச் சுற்றிக்கொள்ளலாம். புடவை வைக்கும் பீரோவில் வசம்பையும் காய்ந்த வேப்பிலையையும் துணியில் முடிந்து போட்டிருப்பேன். பாச்சை உருண்டை போட்டால் ஜரிகை கறுத்துவிடும். இந்த அறிவோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

வேலை செய்யும் அறையில், டியூப் லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. வெள்ளைத் துணி விரித்த என் மேசைக்கு நேர் மேலே. வேறு ஊராக இருந்தால் துடைப்பத்தை எடுத்து ஒரு தட்டு தட்டியிருப்பார்கள். எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லி இருக்கிறது. அதைத் தொட்டால் பல்லி தோஷம் போகும் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அவர்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குகிறவர் என் கணவர். நான் துடைப்பத்தைத் தொட்டாலே பதறுவார்.

"அடிக்காதம்மா. அத வெச்சுதான் நாம சாப்ட்டுக்கினு இருக்கறோம்."

சரி, மரியாதையாகவே அனுப்பிவைப்போம் என்று முடிவு செய்தேன். செல்போனில் மூலிகை வகுப்பு எடுக்கும் ஒரு அம்மா, எலுமிச்சைப்புல் எண்ணெய் வாசனை பல்லிக்கு ஆகாது என்று சொல்லியிருந்தார். என் மாடிப் புல்லை வேகவைத்து எண்ணெய் எடுத்துப் பார்த்தேன். பாத்திரம் கருகியதுதான் மிச்சம். கடையில் ஒரு சின்ன பாட்டில் வாங்கினேன். பஞ்சில் இரண்டு சொட்டு போதும் என்று அந்த அம்மா சொன்னார். நான் பாதி பாட்டிலை ஊற்றி, பஞ்சை டியூப் லைட் இடுக்கில் திணித்தேன்.

அன்று மேசைமேல் இருந்தது பக்கத்து ஊரான ஓரிக்கைப் பெண் ஒருத்தியின் அரக்கு நிற முகூர்த்தப் புடவை. மறுநாள் காலையில் கல்யாணம். பெண்ணின் அம்மா அதைக் கைக்குழந்தை மாதிரி தூக்கி வந்து கொடுத்திருந்தார். "ஒரே பொண்ணும்மா. பாத்து செய்" என்று மூன்று தடவை சொன்னார். கடைசிக் கொசுவத்தையும் எடுத்துக் கிளிப் குத்தி நிமிர்ந்தேன். மேலிருந்து பஞ்சும் பல்லியும் சேர்ந்தே விழுந்தன.

பஞ்சு புடவைமேல் கிடந்தது. பல்லி கொசுவத்துக்குள் புகுந்துவிட்டது. நான் போட்ட கூச்சலில், சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் எச்சில் கையோடு ஓடி வந்தார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"பல்லி வுழுந்துடுச்சு!"

"எங்க? தலைலயா, தோள்லயா?"

"பொடவைல!"

நான் ஒவ்வொரு கிளிப்பாகப் பிடுங்கி, ஒரு மணி நேர வேலையைக் கலைத்தேன். பல்லி வெளியே வந்து, சுவரேறி, அதே டியூப் லைட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. இதற்குள் கணவர் கையைக் கழுவிவிட்டு, தினசரிக் காலண்டரில் பல்லி விழும் பலன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைக்குப் போட்டுக்குறான், தோளுக்குப் போட்டுக்குறான். பொடவைக்குப் போடலையே. பலன் பொண்ணுக்கா, மடிச்ச உனக்கா?"

எனக்கு எண்ணெய்க் கறைதான் முக்கியம். ரூபாய் வட்டத்துக்கு ஒரு கறை, உள்மடிப்பில். பவுடரைக் கொட்டி, காத்திருந்து, தட்டி எடுத்தேன். கறை போய்விட்டது. வாசனை போகவில்லை. மின்விசிறிக்கடியில் விரித்தேன், அறை முழுக்க மணந்தது. சாம்பிராணிப் புகை காட்டினேன். வெட்டிவேர் முடிச்சைப் பக்கத்தில் வைத்தேன். மருக்கொழுந்தும் வைத்தேன். எதுவும் எதையும் விரட்டவில்லை. எல்லாம் சேர்ந்து தங்கிவிட்டன. புடவையை மோந்தால் நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு கல்யாணத்தைக் கெடுத்தவள் என்று பேர் வந்தால், அப்புறம் யார் என்னிடம் பட்டைக் கொடுப்பார்கள்?

கணவருக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "தங்கப் பல்லியத் தொட்டவங்க தொட்டாலே போதும்னு சொல்லுவாங்க. நான் முந்தா நாள்தான் தொட்டேன்" என்று சொல்லி, ஆள்காட்டி விரலால் புடவை ஓரத்தை லேசாகத் தொட்டார்.

"சாம்பார் கையா அது?" என்று கத்தினேன்.

"சோப்பு போட்டுக் கழுவிக்கினுதாம்மா வந்தேன்" என்றார்.

மறுபடி மடித்து முடித்தேன். சாயங்காலம் பெண்ணின் அம்மா வந்து பெட்டியைத் திறந்து மூக்கைச் சுளித்தார். "இன்னா வாசனைம்மா இது?"

"மூலிகை ட்ரீட்மென்டுங்க. பட்டுக்கு நல்லது." என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவர் பெட்டியை மூடி எடுத்துப்போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் எண்ணிலிருந்து போன் வந்தது. செல்லைக் கணவரிடம் நீட்டினேன். அவர் பாம்பைப் பார்த்த மாதிரி விலகினார். வேறு வழியில்லாமல் எடுத்தேன்.

"மண்டபத்துல ஒரே கொசும்மா!" என்றார். "ஐயரு மந்திரம் சொல்லிக்கினே சொறியிறாரு. போட்டோக்காரரு சொறியாதீங்க, சொறியாதீங்கன்னு கத்துறாரு. எம்பொண்ணு மட்டும் செல மாதிரி உக்காந்துக்கினு இருக்குது. மாப்ள கொஞ்சம் கொஞ்சமா நகந்து அவகிட்ட ஒட்டிக்கினாரு. பாத்தவங்கல்லாம் இன்னா பாசம்னு சொல்றாங்க. சாயந்திரம் ரிசப்ஷனுக்குக் கட்டுற பொடவைய இப்பவே குடுத்தனுப்புறேன், அதுக்கும் அந்த ட்ரீட்மென்ட் போட்டுடு."

அந்தச் சந்தோஷமான குரலிடம் பொய்யைத் தொடர எனக்கு மனம் வரவில்லை. எண்ணெய், பஞ்சு, பல்லி, பவுடர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் கறையைப் பற்றிக் கேட்கவில்லை. ஜரிகையைப் பற்றியும் கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "தங்கப் பல்லியத் தொட்டவங்க யாரனா அந்தப் பொடவையத் தொட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு தொட்டாருங்க."

"அப்பச் சரி" என்று போனை வைத்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தேன். கணவர் அந்த ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டியபடி நின்றார். அன்றிலிருந்து அவர் தும்மினால் நான் கஷாயம் போடுவதில்லை.