தள்ளி நின்ற மீன்காரர்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு புகைப்படம் இருக்கிறது. அஸ்தினாபுரத்தில் ஒரு தெருமுனை. நடுவில் தூங்குமூஞ்சி மரம், பின்னால் பாதி எழும்பிய வீட்டுச் சுவர், சுவரில் தண்ணீர் லாரிக்காரர் ஒருவரின் விளம்பரம். வீட்டுக்கு வருகிறவர்கள் மரத்தைத்தான் பார்க்கிறார்கள். படத்தின் இடது ஓரத்தில், முழங்கைவரை ஒரு கை தெரிகிறது. மணிக்கட்டில் எவர்சில்வர் காப்பு. அது யாருடைய கை என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

படத்தை எடுத்தவர் ஜாக்ரஃபி மிஸ். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் நான் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன், அவர் புவியியல். கிட்டத்தட்ட ஒரே வயது, ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. "நம்ம பசங்களுக்கு சஹாரா தெரியுது, பள்ளிக்கரணை தெரியல. ஒரு பஸ் ஏறினா போயிடலாம்!" என்று டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு பொரிந்து தள்ளுவார். ஒருநாள் கணவரின் ஃபிலிம் கேமராவைக் கைப்பையில் போட்டு எடுத்து வந்தார். சனிக்கிழமை காலைகளில் நான் துணைக்குப் போக வேண்டும் என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

இந்த ஊர்ப்பக்கம் எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்பதே அந்தச் சனிக்கிழமைகளில்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை தாம்பரம் என்றால் எனக்கு ரயில் மாறும் இடம், அவ்வளவுதான். கிழக்குத் தாம்பரத்தில் இறங்கி மேற்குவரை நடந்தோம். படப்பை சந்தையில் கத்தரிக்காய்க் குவியலுக்கும் சிமெண்ட் மூட்டைகளுக்கும் நடுவே நின்றோம். பள்ளிக்கரணையில் ஒரு பக்கம் குப்பை புகைய, மறுபக்கம் தண்ணீரில் பறவைகள் தம்பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன. மனைக்கற்கள் நட்ட பொட்டலில் எருமை படுத்திருக்கும், தலைக்கு மேல் விமானம் தாழப் பறக்கும், எருமை காதைக்கூட ஆட்டாது. அழகான ஊர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கு மனம் கொள்ளாத பெருமையாக இருந்தது.

மிஸ்ஸுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. படத்தில் ஆள் இருக்கக் கூடாது. "ஆள் இருந்தா பசங்க ஆளைத்தான் பாப்பாங்க, ஊரைப் பாக்கமாட்டாங்க" என்பார். ஒரு ரோலில் முப்பத்தாறு படம்தான் என்பதால், தெரு காலியாகும்வரை நின்று காத்திருப்பார். காத்திருந்தும் நகராதவர்களை நகர்த்துவது என் பொறுப்பு. "அண்ணா, ஒரு நிமிஷம் தள்ளிக்கிறீங்களா?", "அக்கா, அந்தக் குடத்தையும் எடுத்துக்கிறீங்களா?" தமிழ் டீச்சர் அல்லவா, நயமாகப் பேசி ஆளைக் கிளப்புவதில் நான் கெட்டிக்காரி. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அஸ்தினாபுரத்துத் தெருமுனையை மட்டும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, அதே இடத்தில் நின்று எடுப்பார். காலி மனையில் வீடு எழும்புவதைப் படிப்படியாகக் காட்டத்தான் அது. ஏழு படங்களையும் கலைத்துப் போட்டு, வரிசைப்படுத்தச் சொல்லி ஏழாம் வகுப்புக்கு விளையாட்டு வைத்தார். பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு அடுக்கினார்கள். ஒரு பெண் மட்டும், "மிஸ், இங்க மீன்காரர் இருப்பாரே, எங்க?" என்று கேட்டாள். "அவரு வந்து போறவரு. ஜாக்ரஃபின்னா போகாம இருக்கிறது" என்று மிஸ் சொன்னார். நல்ல பதில் என்று நானும் சிரித்தேன்.

மீன்காரரும் அவர் மனைவியும் கடலோரக் கிராமத்திலிருந்து மொபெட்டில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு வருவார்கள். மரத்தடியில் அவர் நிறுப்பார், அந்த அம்மா ஆய்ந்து கொடுப்பார். எங்களைப் பார்த்ததுமே அவர் பெட்டியைத் தூக்கிவிடுவார். "இன்னா டீச்சர், நான் நின்னா ஊரு நல்லா இல்லியா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். நானும் ஒவ்வொரு தடவையும், "நீங்க நின்னா கேமரா தாங்காதுண்ணா" என்பேன். அந்த அம்மா அரிவாள்மனையோடு மரத்துக்குப் பின்னால் போய்ச் சிரிப்பார். ஏழு தடவையும் இதேதான்.

ஒருநாள் மதியம், வாசலில் யாரோ தேடி வந்திருப்பதாக வாட்ச்மேன் வந்து சொன்னார். நானும் மிஸ்ஸும் போய்ப் பார்த்தால் மீன்காரரின் மனைவி. நெற்றி வெறுமையாக இருந்தது. மஞ்சள் காமாலை, கடைசியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம், அவர் போய்ப் பத்து நாளாகிறது. "காரியத்துக்குப் படம் வெக்கணும்மா. வோட்டு கார்டுல மூஞ்சியே தெரியல, கருப்பா அப்பிக்கினு கீது. நீங்கதான் அப்பப்ப வந்து புடிச்சினு போவீங்களே, நல்லதா ஒண்ணு குடுங்க" என்றார். எங்களிடம் இருக்கும் என்பதில் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. மிஸ் என்னைப் பார்த்தார். தேடிக் கொண்டுவருகிறோம் என்று சொல்லி, வீடு எங்கே என்று நான் விசாரித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மிஸ் வீட்டில் ஆல்பங்கள், நெகட்டிவ்கள் எல்லாவற்றையும் தரையில் பரப்பினோம். இரண்டு வருட ஊர் அங்கே கிடந்தது. மரம் இருந்தது, சுவர் இருந்தது, அவர் கழுவி ஊற்றிய தண்ணீரின் ஈரம்கூட ரோட்டில் இருந்தது. அவர் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துத் தேடியதில், ஐந்தாவது படத்தில் அந்தக் கை அகப்பட்டது. அன்று நான் அவரைச் சரியாகத் தள்ளி நிற்கவைக்காமல் விட்டிருக்கிறேன். "இதைப் போய் எப்படிக் கொடுக்கறது, படம் சரியா விழலைன்னு சொல்லிடலாம்" என்றேன். "எல்லாம் நல்லாத்தான் விழுந்திருக்கு. பொய் சொல்லவேண்டாம்" என்றார் மிஸ். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மறுநாளே அவர்கள் வீட்டுக்குப் போனோம். கடலோரத்தில் ஓடு வேய்ந்த சின்ன வீடு. மிஸ் உட்காரவில்லை. "அவரை நாங்க எடுக்கவே இல்லம்மா. ஒவ்வொரு தடவையும் தள்ளி நிக்கச் சொன்னோம். தப்பு எங்க மேலதான்" என்று நின்றபடியே சொல்லி, ஏழு படங்களையும் நீட்டினார். அந்த அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்தாவதில் நின்றுவிட்டார். காப்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"அவுரு கைதான்" என்றார். பிறகு, கோபம் என்று சொல்லமுடியாத குரலில், "நீ சொன்னா ஒடனே தள்ளிக்குவாரும்மா. பெரிய மனுசங்க சொல்றாங்கன்னு" என்றார். அது என்னைப் பார்த்துச் சொன்னது. இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

அந்த ஐந்தாவது படத்தை அவர் திருப்பித் தரவில்லை; என் மேசையில் இருப்பது பிறகு நெகட்டிவிலிருந்து போட்ட பிரதி. காரியத்துக்கு நாங்களும் போனோம். வோட்டர் கார்டு முகத்தையே பெரிதுபண்ணி மாட்டியிருந்தார்கள், அதன் சட்டத்தின் மூலையில் இந்தப் படத்தைச் செருகி வைத்திருந்தார்கள். நாங்கள் கிளம்பும்போது அந்த அம்மா முகம் கழுவி, தலையை வாரிக்கொண்டு வந்து சுவரோரம் நின்றார். "கேமரா எட்த்துக்கினு வந்திருக்கியா? என்ன ஒண்ணு புடி. நாளிக்கு எம் புள்ளிங்க யார்கிட்ட போய் கேக்கும்?" மிஸ் இரண்டு படம் எடுத்தார். ஆள் நடுவில் நின்று மிஸ் எடுத்த முதல் படம் அதுதான். அதற்குப் பிறகு அவர் யாரையும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை, பிள்ளைகளும் ஊரைப் பார்க்கத்தான் செய்தார்கள்.

மிஸ் இப்போது மகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். போன வாரம் போனில், "நம்ம முனை எப்படி இருக்கு? ஒரு படம் அனுப்புங்களேன்" என்றார். போனேன். காலி மனை வீடாகி, வீடு இடிபட்டு நான்கு மாடியாகியிருக்கிறது. மரத்தில் பாதியை வெட்டிவிட்டார்கள். மிச்ச நிழலில் ஒரு இஸ்திரி வண்டி. நான் போனைத் தூக்கியதுமே பனியனோடு நின்ற இஸ்திரிக்காரர், நான் வாயைத் திறக்குமுன்பே, "இரும்மா, தள்ளிக்கிறேன்" என்று வண்டியைப் பிடித்து இழுத்தார்.

"வேணாண்ணா. அங்கயே நில்லுங்க."

"நானா? நான் இன்னாத்துக்கு?"

"நீங்களும்தான் வேணும்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கிளையில் தொங்கிய தன் சட்டையை எடுத்தார். "அப்ப இரும்மா. இத்த ஒரு தேய்ப்பு தேச்சு மாட்டிக்கினு வந்துர்றேன்" என்று இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். அவர் காலரைத் தேய்த்து, கையைத் தேய்த்து, பித்தான் போட்டு முடிக்கும்வரை நான் காத்திருந்தேன்.