ஓட்டில் எறிந்த பல்

பல் டாக்டரோடு நான் சண்டை போட்டேன். மகளுக்கு அப்போது ஏழு வயது. வலது கன்னம் வீங்கி, கண் இடுங்கிப்போய், தண்ணீர்கூட விழுங்க முடியாமல் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால், அந்த மனுஷன் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பல்லு போனா திரும்ப முளைக்காதும்மா" என்கிறார். எனக்கு எப்படி இருக்கும்?

எண்பதுகளின் தொடக்கம் அது. போடியில் பல்லுக்கென்று தனியாக ஒரு டாக்டர் வந்திருக்கிறார் என்பதே எங்கள் தெருவுக்குப் புதுச் செய்தி. பல்லுக்கு எதற்கு டாக்டர் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் பல் விழுந்தால் சாணி உருண்டைக்குள் வைத்து வீட்டு ஓட்டின் மேல் எறிவோம். புதுப் பல் வந்துவிடும். மகளுக்கும் முன்பல் விழுந்து, எறிந்து, அரிசி மாதிரி புதிது முளைத்திருந்தது.

நான் ஏலக்காய் கோடவுனில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து ஜீப்பில் மூட்டை மூட்டையாக வரும் காயைக் கொட்டி, பெரியது, சிறியது, வெடித்தது, பூச்சி துளைத்தது என்று பெண்கள் நாங்கள் பிரிப்போம். பள்ளிக்கூடம் விட்டதும் மகள் நேரே அங்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். தொணதொணக்காமல் இருப்பதற்காக அவள் கன்னத்தில் ஒரு கல்கண்டை அடக்கிவிடுவேன், கூடவே உடைத்த ஏலக்காய் ஒன்று. தூங்கப் போகும்போதும் அதேதான், இருமலுக்கு நல்லது என்று. வாய் மணத்தால் பல்லும் சுத்தமாக இருக்கும் என்று எங்களுக்கு நினைப்பு. ஊரே ஏலக்காய் மணக்கும்போது பிள்ளை வாயில் என்ன கெட்டுவிடப்போகிறது?

பல் வலிக்கிறது என்று அவள் அழ ஆரம்பித்தபோது கோடவுனே கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. "பால் பல்லுதானத்தா, ஆடி விழுந்துரும். ஒரு கிராம்ப வச்சு அமுக்கு." அமுக்கினேன். வலி அடங்கும், மறுபடி வரும். ஒரு நாள் விடிந்து பார்த்தால் பிள்ளை முகம் பிள்ளை முகமாக இல்லை. அவள் அப்பா மேலே எஸ்டேட்டில் இருந்தார். அவர் இறங்கி வரும்வரை பொறுக்க முடியாமல் நானே தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"புடுங்கி விட்டுருங்க டாக்டரு. வேற முளைச்சுக்கிரும்" என்றேன். அதற்குத்தான் முளைக்காது என்று சொன்னார்.

"அதெப்படி முளைக்காமப் போகும்? எங்க வீட்டுல எல்லாத்துக்கும் முளைச்சிருக்கு. ஆள மெரட்டுறதுக்குச் சின்னப்பிள்ள பல்லுதான் கெடச்சுச்சா?" என்று கத்தினேன். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "யோசிச்சுச் சொல்லும்மா. இந்த எடத்துல இதுக்கு முந்தி எதுவும் பல்லு விழுந்துச்சா?"

யோசித்தேன். வாயின் முன்பக்கம்தான் விழுந்தது. பின்னால் எதுவும் விழவில்லை.

"இது பால் பல்லே இல்லம்மா. ஆறு வயசு வாக்குல, எதுவும் விழாமலே, பின்னாடி புதுசா முளைக்கிற கடவாப்பல்லு. ஒரே தடவதான் வரும். கெழவி ஆகுற வரைக்கும் இருக்க வேண்டியது."

விழும் விழும் என்று நான் காத்திருந்தது விழவே கூடாத பல். போதாதென்று, சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்து இடது பக்கத்தையும் காட்டினார். அங்கே அதே பல்லில் குண்டூசி முனை அளவுக்குக் கறுப்பாக ஒரு துளை. பூச்சி விழுந்த காய் என்றால் விரல் பட்டதுமே ஒதுக்கிவிடுகிறவள் நான். கோடவுனில் என் முறத்தை யாரும் மறுபடி சோதித்ததில்லை. பெற்ற பிள்ளையின் வாய்க்குள் இருந்த துளை என் கண்ணுக்குத் தெரியவில்லை. என்ன தின்னக் கொடுக்கிறேன் என்று அவர் கேட்டதும், கன்னத்தில் அடக்கும் கல்கண்டைச் சொன்னேன்.

"இத அடைச்சுக் காப்பாத்திறலாம். கல்கண்ட மட்டும் நிப்பாட்டும்மா" என்றார்.

"மொதத் தடவ எப்பக் கூட்டிட்டு வந்திருக்கணும்?" என்று கேட்டேன்.

"மொதப் பல்லு முளைச்சதுமே ஒரு தடவ காட்டிரணும்."

பொக்கை வாய்ப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போவதா! வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

மாத்திரை கொடுத்து, வீக்கம் வடிந்த பிறகு பல்லை எடுத்தார். ஊசிக்கு நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் பயப்படவில்லை; அவளுக்கு இது விழுந்து முளைக்கப்போகும் இன்னொரு பல். தாளில் மடித்துக் கொடுத்ததைப் பிரித்துப் புரட்டி, பஞ்சு கடித்த வாயோடு, "அம்மா, இதுக்குக் காலு இருக்கும்மா" என்றாள். தானாக விழுந்த முன்பல்லில் வேர் இல்லை. இதற்குக் கவட்டை மாதிரி வேர் இருந்தது. டாக்டர் சொன்னதில் எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் அதோடு போனது.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்துத் தொழுவத்தில் சாணி வாங்கி உருட்டி, அவளே பல்லை உள்ளே வைத்து ஓட்டில் எறிந்தாள். இது இனி முளைக்காது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன்.

அதற்குப் பிறகு காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள். இடது பல்லை அடைக்கக் கிளம்பிய அன்றும் நின்றாள். பிறகு வாசலுக்கு இறங்கி ஓட்டை அண்ணாந்து பார்த்தாள்.

"முன்பல்லு வெரசா முளைச்சுச்சேம்மா. இத நான் சரியா எறியலையோ?"

ஊர் வாயை எல்லாம் அடக்குகிறவள் நான். அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, "நீ சரியாத்தான் எறிஞ்ச, ஆத்தா" என்றேன். முளைக்காது என்பதை அன்றும் சொல்லாமலே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு நடந்தேன்.