மதகில் விழுந்ததாக எழுதினேன்

நோய்க்கும் காயத்துக்கும் காப்பீட்டுத் தாளில் மருத்துவக் குறியீடு போடுகிறவன் நோயாளியைத் தொடுவதே இல்லை; ஆனாலும் அதிகம் பயப்படுகிறவன் அவன்தான். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைப்பவர்களே, உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நான் பத்தாவதோடு நின்றவன். தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரவு ஷிஃப்டில், பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டிப் புரட்டி இதைக் கற்றுக்கொண்டவன்.

முன் அனுமதி

ஆபரேஷனுக்கு முன்னால் காப்பீட்டுக் கம்பெனி 'சரி' சொல்ல வேண்டும். அது வராமல் கத்தி இறங்காது.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து செல்வராசு என்ற குத்தகை விவசாயியைத் தூக்கி வந்தார்கள். தொடை எலும்பு இரண்டாகப் போயிருந்தது. மனைவி ராணி அரசுக் காப்பீட்டு அட்டையை நீட்டினாள். எப்படி அடிபட்டது என்று கேட்டேன். அவளுக்குப் பின்னால் கரைவேட்டி கட்டிய இருவர் நின்றார்கள், நிலத்துக்காரரின் ஆட்கள். அவள் வாய் திறக்குமுன் ஒருவர் கவுண்டரில் முழங்கையை ஊன்றினார்.

"வரப்புல வழுக்கி விழுந்துட்டாப்ல. அப்படியே போட்டுக்குங்க சார். உங்க வீடு கரந்தைப் பக்கம்தானே?"

காரணக் குறியீடு

எலும்பு முறிவுக்கு ஒரு குறியீடு. அது எப்படி முறிந்தது என்பதற்கு இன்னொன்று. தானாக விழுந்தால் டபிள்யூ என்ற எழுத்தில் தொடங்கும் வரிசை. அடுத்தவன் அடித்திருந்தால் வேறு வரிசை. அதைப் போட்டால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் தாள் வரும்வரை அனுமதி நிற்கும்.

செல்வராசு கூரையைப் பார்த்துக்கொண்டே விழுந்ததாகத்தான் டாக்டரிடமும் சொல்லியிருந்தார். நான் டபிள்யூ தட்டினேன். காயத்தைத் துடைத்துவிட்டு வந்த மேரி சிஸ்டர் என் திரையை எட்டிப் பார்த்தார்.

"வழுக்கி விழுந்தவருக்கு முதுகுல கம்பு அகலத்துக்கு மூணு கோடு எப்படிண்ணே வரும்?"

க்வெரி

கம்பெனிக்குச் சந்தேகம் வந்தால் அனுப்புகிற கேள்விக்குப் பெயர் க்வெரி. 'எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தார்?' என்று வந்தது. வரப்பு ஒரு முழம்தான் இருக்கும். அதிலிருந்து விழுந்து தொடை உடைந்தது என்றால் யார் நம்புவார்கள்? நிராகரித்தால் கால் போய்விடும். உண்மையை எழுதினால் கரைவேட்டி என் வாசலுக்கு வரும்.

பக்கத்தில் வாய்க்கால் மதகு உண்டா என்று ராணியிடம் கேட்டேன். வயலுக்கு அரை மைல் தள்ளி இருக்கிறது என்றாள். 'மதகின் மேலிருந்து விழுந்தார்' என்று எழுதி அனுப்பினேன். அனுமதி வந்துவிட்டது. ராணி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும்ண்ணே. காலு நின்னா போதும், மத்ததை அவரு பாத்துக்குவாரு."

நகல்

வீட்டுக்கு அனுப்பும்போது, எங்கே எப்படி அடிபட்டது என்று எழுதிய தாளின் நகல் ஒன்றை நோயாளிக்குக் கொடுப்போம். கரைவேட்டிக்காரர்களும் ஒன்று கேட்டார்கள். கொடுக்கக் கூடாது. கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ராணி வந்தாள். செல்வராசு சாகுபடியையே விட்டுவிட்டார், குத்தகையை ரத்து செய்யுங்கள் என்று நிலத்துக்காரர் வருவாய் நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறார். அடிபட்ட அன்றுகூட வயலில்தான் நின்றோம் என்று இவர்கள் விசாரணையில் சொல்ல, அந்தப் பக்கம் 'மதகின் மேலிருந்து விழுந்தார்' என்ற என் தாளை நீட்டியிருக்கிறார்கள். ராணி திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அண்ணே, அன்னைக்கு அவரு எங்க வயல்லயே இல்லையாம். உங்க சீலோட இருக்கு."

இத்தனை வருஷத்தில், பயத்தில் போட்ட குறியீட்டை மட்டும் எந்தக் கம்பெனியும் நிராகரித்து நான் பார்த்ததில்லை.