ஒரே ஒரு ஆள் பார்த்த லைவ்

என் வீட்டுக்காரர் லூர்து பிரகாஷுக்கு எங்கள் ஊரான கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு: சாவு லைவ். கல்யாணம், காதுகுத்துக்கு எல்லார் கையிலும் போன் இருக்கிறது. காமிராக்காரனை எவன் தேடுகிறான்? இழவு வீட்டில் மட்டும் யாருக்கும் போனைப் பிடிக்க மனசு வராது. அதனால் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. இந்தப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் பிரான்சில், நினைத்த நேரத்துக்கு வர முடிவதில்லை. இவர்தான் மாலை போடுவதிலிருந்து சுடுகாடு வரைக்கும் லைவில் காட்டுவார். விடிந்தும் விடியாமல் போன் அடித்தால் எங்கேயோ இழவு என்று அர்த்தம். யாரோ போய்ச் சேர்ந்தால்தான் எங்கள் அடுப்பு எரியும். என்ன பிழைப்போ, போங்கள்.

இத்தனைக்கும் மனிதர் சினிமா படித்தவர். படித்து முடித்ததும் ஒரு சோதனைப் படம் எடுத்தார். கரும்புக் கொல்லையில் மோட்டார் கொட்டகை. காமிராவை வைத்தது வைத்தபடி. தண்ணீர் கொட்டுகிறது, கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு காக்கா வந்து போகிறது. அவ்வளவுதான் படம். “சோதன யாருக்கு மாப்ள, பாக்குறவனுக்கா?” என்று என் அப்பா கேட்டார். டவுனில் திரையிட்ட அன்று ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கட்டிக்கொள்ளப் போகிறவள் என்ற மரியாதைக்குக்கூட உட்காராமல் நானும் பஜ்ஜி தின்னப் போய்விட்டேன். “ஒரே ஒரு ஆளு முழுசா பாத்திருந்தா போதும் கிறிஸ்டி” என்று இன்றைக்கும் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

போன மாசம் பக்கத்து ஊரான உறுவையாற்றில் குழந்தைவேல் என்ற விவசாயி இறந்துபோனார். ஒரே மகன் புகழ்வேந்தன் பிரான்சில். இவர் வாசல் பந்தலில் ஸ்டாண்டு போட்டு ஒரு போனை வைத்தார். பாடை கிளம்பியதும் இன்னொரு போனில் புது லைவ் போட்டுக்கொண்டு ஊர்வலத்தோடு போனார். புதுசு தொடங்கினால் பழையது தானாக நின்றுவிடும் என்று நினைத்துவிட்டார். அது நிற்கவில்லை.

அந்த ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. எடுத்த பிறகு வீட்டைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் எங்கள் போட்டோக் கடையில் கம்ப்யூட்டரைத் திறந்தபோது பழைய லைவில் அந்த வாசல் தெரிந்தது. உடலைக் கிடத்தியிருந்த பெஞ்சு வெறுமையாக, மிதிபட்ட பூ, உள்ளேயிருந்து வழிந்து வரும் தண்ணீர். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று மூலையில் ஒரு எண் காட்டும். எல்லாரும் ஊர்வலத்துக்கு மாறியிருந்தார்கள். இந்தப் பழைய லைவில் ஒன்று என்று மட்டும் நின்றது, நான் நுழைந்ததும் இரண்டானது. இவருக்குப் போன் போட்டேன். லைவ் நடக்கும்போது அழைப்பு வராதபடி வைத்திருப்பார். நிறுத்துகிற வழியும் அவரிடம்தான் இருக்கிறது.

பிறகு குழந்தைவேலின் மனைவி பவுனம்மாள் வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒருத்தரும் இல்லை.

“இந்தாய்யா, ஒங்கிட்ட ஒன்னு சொல்லணும்” என்றார், போய்ச் சேர்ந்த புருஷனிடம். “புள்ள பிளேன் ஏறிட்டான்னு சொன்னனே, அது பொய்யி. அவனுக்கு அங்க தங்குற பேப்பர் இன்னும் சரியாவல. வந்தா திரும்பிப் போவ முடியாது. நாளைக்கு வந்துடுவான், நாளைக்கு வந்துடுவான்னு ஒன்ன ஏமாத்திட்டன். நீயும் வாசலயே பாத்துக்கினு உசுரப் புடிச்சிக்கினு கெடந்த. என்ன மன்னிச்சிடுய்யா.”

நான் திரையை மூடிவிட்டேன். அதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பில்லை.

இவர் திரும்பி வந்து ஸ்டாண்டைக் கழற்றியபோது அந்த அம்மாள், “இது ஓடிக்கினா இருந்துச்சி தம்பி? யாருனா பாத்தாங்களா?” என்று கேட்டிருக்கிறார். இவர் கையில் இருந்த போனில் அந்த ஒன்று அப்படியே நிற்கிறது. “யாரும் பாக்கலம்மா, எல்லாரும் அந்த லைவுல இருந்தாங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அந்த ஒன்று யார் என்று சாயங்காலம் தெரிந்தது. புகழ்வேந்தனே கூப்பிட்டான். “அண்ணா, ஊர்வலம் பாக்க மனசு வரல. வூட்டு வாசலயே பாத்துக்கினு இருந்தன். அம்மா பேசுனதக் கேட்டுட்டன். நான் கேட்டன்னு அதுக்குத் தெரிய வேணாம், ஒடைஞ்சி பூடும்” என்றான். அதன் பிறகு அழுதான்.

அன்றிலிருந்து மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் கடை, சமையல், இவர் மூஞ்சி என்று அலுத்துப்போய், “ஒரே ஒரு ஆளு முழுசா பாக்கணும்னு கேட்டீங்களே, கெடச்சிட்டான் இல்ல” என்று சொல்லிவிட்டேன். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கருமாதிக்கும் எங்களையே கூப்பிட்டார்கள். இவர் தனியாகப் போகப் பயந்தார். கூட நானும் போனேன். சடங்கு முடிந்து, லைவை நிறுத்தி, எல்லாரும் பந்தியில் உட்கார்ந்த நேரம் பவுனம்மாள் எங்களிடம் வந்தார்.

“அந்த ஸ்டாண்ட அன்னிக்கு வெச்ச எடத்துலயே வை தம்பி. எம் புள்ளைக்கு மட்டும் போவட்டும்.”

“எதுக்கும்மா?”

“அவன் பாத்துட்டான். தெனம் போன் பண்றான், ஒரு வார்த்த பேசாம வெச்சிடுறான். பெத்தவளுக்குத் தெரியாதா?” இவர் தலையைக் குனிந்துகொண்டார். “நீ இன்னா பண்ணுவ தம்பி, மனசு கேக்காம ஒரு பொய்யி சொன்ன. நானும் அவங்கப்பாகிட்ட அதான் பண்ணன்.”

இவர் ஸ்டாண்டில் போனை வைத்தார். அந்த அம்மாள் அதே பெஞ்சில் உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். மூலையில் ஒன்று வரும்வரை பொறுத்திருந்து, இவர் தலையசைத்த பிறகுதான் பேசினார்.

“புகழு, அன்னிக்கு ஒரு விசயத்த சொல்லாம வுட்டுட்டன். கடைசியா வாசல்ல யாரோ வந்தாங்க. ஒங்கப்பா நீதான்னு நெனச்சிக்கினாரு. வந்துட்டியாப்பான்னு கேட்டுட்டு, சிரிச்ச மூஞ்சோடதான் போனாரு. நீ ஒழுங்கா சாப்புடு.”

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றைய லைவ் முழுவதும் இவரிடம் இருக்கிறது. எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். புருஷனிடம் அத்தனையும் சொல்லி மன்னிப்புக் கேட்ட பவுனம்மாள் அதில் இப்படி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.