கரண்ட் இருந்த நேரத்தில் நாங்கள் போட்ட இடைவெளிச் சண்டை

மின்வெட்டுக் காலத்தில் எங்கள் மென்பொருள் ஓஃபிஸ் ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்கவில்லை. எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் பார்த்து ஒரு வெளிநாட்டு கஸ்டமர் பரீட்சார்த்தமாக ஒரு வேலை தந்திருந்தார். வெள்ளிக்கிழமை கொடுத்தால் நீண்ட ஒப்பந்தம். கொடுக்காவிட்டால் டீமைக் கலைக்க வேண்டியதுதான் என்று மனேஜர் ரவி அண்ணை ஒளிக்காமல் சொன்னார்.

டீம் என்றால் நானும் ஜெரோமும்தான். கொழும்பில் நான் வெள்ளவத்தை, அவர் கொட்டாஞ்சேனை. கோட் எழுதுகிற எடிட்டர் விஷயத்தில் எங்களுக்கு ஏழாம் பொருத்தம். அவர் விம் என்ற பழைய எடிட்டரின் ஆள்; கறுப்புத் திரையும் கீபோர்ட்டும் போதும், மவுஸைத் தொட்டால் பாவம். எனக்கு ஐ.டி.ஈ. என்ற சகல வசதியும் உள்ள பெரிய எடிட்டர் இல்லாமல் சரிவராது. பிழையை அதுவே காட்டித் தரும்.

"தர்ஷினி, அது எடிட்டர் இல்லை, லொறி. ஸ்டார்ட் பண்ண முதலே பட்டரியைக் குடிச்சுப்போடும்" என்பார்.

"உம்மட விம்மில ஒருநாள் வேலை செய்தா எனக்கு மண்டை காஞ்சுபோம்" என்பேன் நான்.

எங்கள் இரண்டு ஏரியாவுக்கும் கரண்ட் போவது வேறு வேறு நேரம். அதை வைத்து ரவி அண்ணை ஒரு வழி சொன்னார்: "ஒருத்தருக்குக் கரண்ட் போகேக்க மற்றவர் பிடியுங்கோ. அஞ்சலோட்டம் மாதிரி." நல்ல யோசனைதான். திங்கட்கிழமை கரண்ட் போகமுதல் நான் எழுதிய கோட் வரிகளை அனுப்பிவிட்டு ஜெரோமுக்கு மெசேஜ் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஃபோன் வந்தது.

"என்ன செய்து வைச்சிருக்கிறீர்? முழு ஃபைலும் மாறியிருக்கு எண்டு காட்டுது. நீர் உண்மையா மாத்தினது எது?"

நான் மாற்றியது சில வரிகள்தான். ஆனால் என் ஐ.டி.ஈ. சேவ் பண்ணும்போதெல்லாம் ஃபைல் முழுவதையும் தன் பாணியில் அடுக்கிவிடும். அவர் வரித் தொடக்கத்தில் நான்கு இடைவெளி விடுவார், அது இரண்டாக்கும். நீண்ட வரிகளை மடித்தும் வைக்கும்.

"இதுதான் வடிவு" என்றேன். அவர் டக்கென்று ஃபோனை வைத்துவிட்டார்.

எனக்குக் கரண்ட் வந்து திறந்து பார்த்தால், மனுஷன் எல்லாவற்றையும் தன் பாணிக்கே திருப்பி வைத்திருக்கிறார். புது வேலை ஒன்றும் நடக்கவில்லை. வந்த கோபத்தில் நானும் திரும்ப சேவ் பண்ணினேன். செவ்வாய்க்கிழமையும் இதே கூத்து. ஊரே கரண்டுக்காக அலைய, நாங்கள் கிடைத்த கரண்டில் இடைவெளியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தோம்.

புதன்கிழமை ரவி அண்ணை இருவரையும் ஒரே ஃபோன் கோலில் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை அந்தாளுக்கு என்னத்தைக் குடுக்கப் போறியள்? வெறும் இடைவெளியையா?"

ஜெரோம்தான் முதலில் இறங்கி வந்தார்.

"உம்மட எடிட்டரை மாத்தச் சொல்லி நான் கேக்கேல்லை. எப்பிடி அடுக்கிறது எண்டு ஒரு விதி ஃபைல் எழுதி ப்ரொஜெக்டுக்குள்ளேயே போடுவம். உம்மட லொறியும் அதைப் பாக்கட்டும், என்ர விம்மும் பாக்கட்டும்."

"இடைவெளி எத்தினை?"

"நாலு."

"அப்ப வரி மடிக்கிறது என்ர மாதிரி."

"ஓம், சரி."

அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. அதற்குப் பிறகு அவர் விட்ட இடத்தில் நான் பிடித்தேன், நான் விட்ட இடத்தில் அவர். அவர் மாற்றிய வரிகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. இத்தனை வருட வேலையில் அந்த இரண்டு நாளைப்போல நான் சந்தோஷமாகக் கோட் எழுதியதில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலையைக் கொடுத்துவிட்டோம்.

அடுத்த வாரம் ரவி அண்ணை சிரித்துக்கொண்டே ஃபோன் எடுத்தார். "கஸ்டமருக்கு நல்லாப் பிடிச்சிட்டுது. கோட் முழுக்க ஒரே கையால எழுதினமாதிரி இருக்காம், எழுதின அந்த ஒருத்தரையே தரச்சொல்லிக் கேக்கிறார். ஒருத்தர் இல்லை, ரெண்டு பேர் எண்டு சொன்னன். நம்புறாரில்லை. கடைசியா ஒப்பந்தத்தில ரெண்டு பேரின்ர பேரையும் போட வைச்சிட்டன்."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களே, எடிட்டருக்காகத் தாராளமாகச் சண்டை போடுங்கள். நாங்கள் இன்றும் போடுகிறோம், ஐ.டி.ஈ.தான் சரி என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சண்டையை ஃபைலுக்குள் கொண்டுபோகாதீர்கள்.