இல்லாத பசுவுக்குக் கொடுத்த கஞ்சி

என் கண்ணுகளே, சோறு வடிக்கும்போது கஞ்சியை ஏன் கீழே விடுவதில்லை என்று கேட்டீர்களே, சொல்கிறேன்.

யுத்தம் நடந்து, அரிசி கிடைக்காமல் ஊரே தவித்த காலம். ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நான் சமையல்காரன். வடித்த கஞ்சியெல்லாம் தினமும் ஓடைக்குப் போகும். ஒருநாள் மூட்டை சுமக்கும் தங்கம்மை வாளியோடு வந்து, "அண்ணாச்சி, அதைக் கொட்டாண்டாம், எனக்குத் தாரும்" என்றாள். பசுவுக்காக இருக்கும் என்று நினைத்து, அன்றுமுதல் காய்த்தோலையும் தாராளமாக அள்ளிப் போட்டுக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து, "பசு எவ்வளவு பால் கறக்குது?" என்று கேட்டேன்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பசுவா? நானும் என் ரெண்டு பிள்ளைகளும்தான் பசு! தோலைப் பொறுக்கிப் பொறுக்கி விரல் தேஞ்சு போச்சு, அண்ணாச்சி!"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. வாளியைத் தேய்த்துக் கழுவி, சூடான கஞ்சி ஊற்றி, உப்பும் என் சாப்பாட்டுச் சோற்றில் பாதியும் போட்டேன்.

"மக்களே, ஓடி வாங்க! இன்னைக்குப் பசுவுக்கு ஓணமாக்கும்!" என்று அவள் தெருவில் நின்ற பிள்ளைகளைப் பார்த்துக் கூவினாள். மூவரும் படியில் உட்கார்ந்து, சிரித்துச் சிரித்துக் குடித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

அவர்கள் போனபின், பானையடியில் மிஞ்சியிருந்த கஞ்சியை டம்ளரில் ஊற்றி, உப்புப் போட்டு நானும் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.